செம்பி தள்ளிய கல்

மலை உச்சியில் ஒரு பிளவு. எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. பிளவுக்கு அந்தப் பக்கம் வரையாட்டு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் செம்பி என்ற வரையாடு மட்டும் தன்னந்தனியாக நின்றாள்.

போன மழையில் பிளவின் ஓரம் இடிந்து அகன்றுவிட்டது. மற்றவர்கள் எப்படியோ தாவிவிட்டார்கள். செம்பி ஓடி வருவாள், விளிம்பில் நின்றுவிடுவாள். அவள் சமதரையில் தாவிப் பார்த்திருந்தாள். வெள்ளைப் பாறையிலிருந்து பெரணிச் செடி வரை எவ்வளவு தூரமோ, பிளவும் அவ்வளவு அகலம். அவள் கால் ஒவ்வொரு தடவையும் செடிக்கு ஒரு முழம் முன்னாலேயே இறங்கியது.

கோடை வந்தால் செந்நாய்கள் மேலே ஏறி வரும். தனியாக நிற்கும் ஆட்டை அவை விடுமா? அதை நினைத்து நினைத்தே செம்பி மறுபடியும் மறுபடியும் தாவிப் பார்த்தாள்.

அந்தச் சரிவில் மேய வந்த காட்டெருமை கருப்பாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ செம்பி! சும்மா தாவித் தாவி என்ன கண்டே? காலுக்கு முதல்ல பலம் வேணும். அந்தக் கல்லை நெத்தியால முட்டி மேட்டுல தள்ளு. பாரம் பூராவும் பின்னங்கால்ல இறங்கட்டும்!"

"கல்லைத் தள்ளினா தாவ வருமா?"

"வரும். இந்த உடம்பை வச்சுக்கிட்டு நான் தேயிலைத் தோட்டத்து அகழியைத் தாண்டலையா?"

செம்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கருப்பாயி நகர்ந்து வருகிற பாறை மாதிரி இருந்தாள். இவளாவது, தாண்டுவதாவது! தாண்டியதை யார் பார்த்தார்கள்?

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. தள்ளினாள். முதலில் பலாப்பழம் போல ஒரு கல். அது லேசாகிப் போனதும் கருப்பாயி அதைவிடப் பெரிய கல்லைக் காட்டினாள். "நிறைய தரம் வேண்டாம். கொஞ்சம் தள்ளு, ஆனா முழு மூச்சோட தள்ளு!" என்பாள். அது பழகினால் இன்னும் பெரிய கல்.

நாளாக ஆக, செம்பியின் தொடை பருத்தது. அவள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். 'வெறும் உடம்போடவே தாண்ட முடியல. இப்ப கனமும் கூடிப் போச்சே! இவளுக்கு என் மேல என்ன அக்கறை? உறவா, முறையா? இந்தச் சரிவுப் புல் ரெண்டு பேருக்குக் காணாது. நான் ஒழிஞ்சா பூராவும் இவளுக்குத்தானே!'

அந்த நேரம் பார்த்து ஒரு நரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"அக்கா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உன் மனசுல ஓடுறது எனக்குத் தெரியும். அது சரியாத்தான் ஓடுது!"

"பாத்தியா! உனக்கும் அப்படித்தானே தோணுது?"

"எனக்கு எதுக்கு வம்பு? நீயே சோதிச்சுப் பாரு. இன்னிக்குக் கல்லைத் தள்ளி முடிச்ச கையோட வெள்ளைப் பாறையிலேர்ந்து ஒரு தாவு தாவு. குட்டு வெளிப்பட்டுடும்!"

செம்பி அப்படியே செய்தாள். கல்லைத் தள்ளி முடித்து, மூச்சு வாங்க வாங்கத் தாவினாள். கால் மடங்கியது. பெரணிச் செடிக்கு இரண்டு முழம் முன்னாலேயே சொத்தென்று விழுந்தாள். முன்பு தாவியதைவிட மோசம்!

நேரே கருப்பாயியிடம் ஓடினாள். "என்னை நொண்டியாக்கப் பாக்குறியா?"

"கல்லைத் தள்ளின களைப்போட தாவினா அப்படித்தான் விழுவே. காலுக்கு ஓய்வு வேண்டாமா? நானே இன்னியோட நிறுத்தச் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே கல்லைத் தொடாதே. மேய், படு. அப்புறம் தாவிப் பாரு."

"சாக்கு! எல்லாம் சாக்கு! புல்லுக்காகத்தானே இவ்வளவும் செஞ்சே?"

"ஆமாடி, புல்லுக்காகத்தான்!" என்று சொல்லிவிட்டுக் கருப்பாயி வாலை வீசிக்கொண்டு போய்விட்டாள்.

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாளே!

நரி ஆறுதல் சொன்னது. "விடு அக்கா. நீ தாண்டவே வேண்டாம். கீழே ஒரு பொந்து இருக்கு. ஒரே வாசல்தான். செந்நாய் வந்தா உள்ளே போய் உட்கார்ந்துக்கோ. வாசல்ல நான் காவல் நிப்பேன்!"

கருப்பாயி தும்மினால்கூட அதற்கு அர்த்தம் தேடியவள் செம்பி. செந்நாயைக் கண்டால் ஓடுகிற நரி எப்படிக் காவல் நிற்கும் என்று மட்டும் கேட்கவில்லை. கல் பக்கமே போகாமல், பொந்தை நம்பி, மேய்ந்தாள், படுத்தாள், அசைபோட்டாள்.

கோடையில் ஒரு நாள் காலை, சரிவில் ஒன்றையொன்று கூப்பிடும் சீழ்க்கை கேட்டது. செந்நாய்கள்!

செம்பி பொந்தை நோக்கி ஓடினாள். பாறை மறைவில் நரியின் குரல் கேட்டது.

"இப்படி வாங்க, இப்படி! இந்தப் பொந்துக்குத்தான் வருவா. வாசலை மறிச்சா முடிஞ்சுது. மிச்சம் மீதி எனக்கு, மறந்துடாதீங்க!"

செம்பி சட்டென்று நின்றாள். திரும்பினாள். கீழே செந்நாய்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. எதிரே பிளவு ஒன்றுதான்.

யோசிக்க நேரமில்லை. ஓடினாள். விளிம்பில் பின்னங்கால்களை ஊன்றி ஓர் உதை உதைத்தாள். கல்லைத் தள்ளிய கால்கள், நன்றாக ஓய்வெடுத்த கால்கள்! உடம்பு காற்றில் எழும்பியது. அந்தப் பக்கத்து விளிம்பு கீழே ஓடி மறைந்தது. அதையும் தாண்டி, மேய்ந்துகொண்டிருந்த கிழட்டுக் கிடாவின் மூக்குக்கு நேர் முன்னால் போய் இறங்கினாள்.

"பாத்து இறங்கக் கூடாதா!" என்று கிடா துள்ளி விலகியது.

செந்நாய்கள் விளிம்பில் சறுக்கி நின்றன. பிறகு நரியைத் திரும்பிப் பார்த்தன. "எங்கேடா எங்க இரை?" நரி பதில் சொல்ல நிற்கவில்லை. அது முன்னே ஓட, அவை பின்னே துரத்திக்கொண்டு மலையை விட்டே இறங்கிவிட்டன.

கருப்பாயி எதிர்ப்பக்கம் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தாள். செம்பி கூவினாள்.

"கருப்பாயி! நீ என்னைத் தீர்க்கப் பாக்குறேன்னுல்ல நினைச்சேன்! புல்லுக்காகன்னு நீதானே சொன்னே?"

"ஆமா, இப்பவும் சொல்றேன்! நீ அந்தப் பக்கம் போயிட்டா இந்தப் புல் பூராவும் எனக்கு. அதுக்கு நீ சாகணுமா என்ன? தாண்டினா போதாதா?"

களைத்த காலை வைத்து உழைப்பை எடை போடாதே. சந்தேகம் வந்தால், அந்தச் சந்தேகத்துக்குத் தலையாட்டுகிறவனையும் ஒரு தரம் சந்தேகப்படு.