வேற்றுமை பார்க்காத அரண்மனை

அது ஒரு காலம். பெயரைச் சொன்னால் வம்பு வரும் என்று பெயர் சொல்லாமலே விடப்பட்ட ஒரு நாடு. அதை ஆண்ட கோதண்டவர்மனுக்கு ஒரு பழக்கம். பக்கத்து நாட்டுப் பேரரசர் எதைச் செய்தாலும் தானும் செய்துவிட வேண்டும். அவர் மீசையைக் குறைத்தால் இவரும் குறைப்பார்.

அவருடைய சபையில் உலகன் என்றொரு விகடகவி இருந்தான். தோல் பதனிடும் தெருவில் பிறந்தவன். வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகிறவர்களுக்கும் அரண்மனையில் வேலை தர வேண்டும் என்று காலஞ்சென்ற ராஜமாதா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அப்படி உள்ளே வந்தவன் உலகன். அப்படி வந்தவள்தான் மருதியும். பிறவியிலேயே கால்கள் சூம்பிப்போன அவள், மேல்மாடத்துப் பூமண்டபத்தில் மாலை கட்டினாள். அவள் கையை ஊன்றி நகர்ந்து ஏறுவதற்காகப் படிக்கட்டின் ஓரமாகக் கல்லில் ஒரு சரிவு கட்டியிருந்தார்கள்.

பிரதானி சேந்தனாருக்கு, தோல்காரன் மகன் மன்னருக்குப் பக்கத்தில் உட்காருவது வெகுநாளாய் உறுத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மன்னர் பெருமானே, பேரரசர் தம் அரண்மனையில், இங்கே ராஜமாதா செய்தது போன்ற ஏற்பாடுகளையெல்லாம் நீக்கிவிட்டாராம். ஒருவருக்குச் சரிவு, ஒருவருக்குத் தனி இடம் என்பதெல்லாம் வேற்றுமை பாராட்டுவதல்லவா? தங்கள் முன் அனைவரும் சமமாயிற்றே!"

மன்னருக்கு அந்தப் பேச்சு இனித்தது. "அப்படியே ஆகட்டும். இன்று முதல் என் அரண்மனையில் எவரும் வேற்றுமை பார்க்கலாகாது. இன்னார் யார், எவர் என்று கேட்கவும் கூடாது. மீறினால் கசையடி!"

"அந்த ஏற்பாட்டில் வந்த உலகனே இதை நிறைவேற்றினால் எவருக்கும் மனத்தாங்கல் இராது" என்றார் சேந்தனார் குழைந்து.

மறுத்தால் தலை போகும். ஏற்றால் தன் ஆட்களின் முகத்தில் விழிக்க முடியாது. உலகன் தலைவணங்கி ஏற்றுக்கொண்டான்.

அன்றே சரிவை இடித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நல்ல மழை. மருதி பூக்கூடையோடு படிக்கட்டின் கீழே வந்து திகைத்துப்போனாள். உலகன் அங்கே நின்றிருந்தான்.

"இங்க இருந்த சரிவு எங்கண்ணே?"

"எல்லாருக்கும் ஒரே படிதான்னு உத்தரவு தாயி. நீ வீட்டுக்குப் போ. நான் ஏதாவது வழி பண்றேன்."

"வராதவங்களுக்கு வேலை இல்லேன்னு தண்டோரா போட்டதே நீதானே?"

அவள் கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கையூன்றி உடம்பை இழுத்து ஏறினாள். காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூக்கிவிட்டால் வேற்றுமை பார்த்ததாகும். உலகனும் நின்றான். மேல்படியை எட்டும் சமயத்தில் அவள் கை வழுக்கியது. உருண்டு வந்து கீழே கிடந்தவளுக்கு இடுப்பு முறிந்திருந்தது.

அன்றிரவே உலகன் புறப்பட்டான். வாயிற்காவலர்கள், சமையற்காரர்கள், யானைப்பாகர்கள் என்று ஒருவர் விடாமல் பார்த்து, ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றச் சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த நாள் மன்னர் வேட்டைக்குப் போய்ப் பசியோடு திரும்பினார். வாசலில் ஈட்டிகள் குறுக்கே விழுந்தன.

"வரிசையில் வாருங்கள். புல்லுக்கட்டுக்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள்."

"மூடனே, நான் யாரென்று தெரியவில்லையா?"

"தெரிந்துகொள்ளக் கூடாதென்று உத்தரவு."

பின்னால் வந்த சேந்தனாரின் பல்லக்கைச் சேற்றிலேயே இறக்கி வைத்துவிட்டுத் தூக்கிகளும் வரிசையில் போய் நின்றார்கள். ஒருவழியாக உள்ளே போன மன்னருக்கு எல்லாருக்கும் ஊற்றிய கூழையே மண்சட்டியில் ஊற்றினார்கள். கொதித்துப்போய்ச் சபைக்கு விரைந்தார். அங்கே சிம்மாசனத்தில் ஒரு யானைப்பாகன் உட்கார்ந்திருந்தான். பயத்தில் அவன் முழங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

மன்னர் வாளை உருவினார். "உலகா! என் ஆசனத்தில் இவன் யார்?"

உலகன் அவர் காலடியில் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினான். "அரசே, யார் என்றுதான் கேட்கக் கூடாது. முதலில் வந்தவர் முதல் ஆசனத்தில் அமர்ந்தார். அடியேன் வேற்றுமை பார்த்திருந்தால் வெட்டுங்கள். இப்போது யார் என்று கேட்டதற்குக் கசையடி உண்டு. அதை யாருக்குக் கொடுப்பது என்று பிரதானியார்தான் சொல்ல வேண்டும்."

மன்னர் திரும்பிச் சேந்தனாரைப் பார்த்தார். முழங்கால்வரை சேறு, சாய்ந்துபோன தலைப்பாகை, திறந்த வாய். மன்னரின் தோள் குலுங்கியது. வாளைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. கடைசியில் சேந்தனாரும் சிரித்தார். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. ராஜமாதாவின் ஏற்பாடு பழையபடி தொடரும் என்று ஆணை பிறந்தது. மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி உலகனின் கழுத்தில் போட்டார்.

உலகன் நேராக மருதியின் குடிசைக்குப் போனான். மாலையை அவள் தலைமாட்டில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"சரிவை மறுபடியும் கட்டுறாங்க தாயி."

"நான் விழுந்ததுக்கு ராசா என்னண்ணே சொன்னாரு?"

உலகன் கூரையைப் பார்த்தான். "அவருக்குத் தெரியாது. நான் சொல்லலை. சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டாரு. சிரிக்கலைன்னா சரிவு திரும்ப வந்திருக்காது."

"ஏறுறவங்க ஏறட்டும்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் சபை கூடியது. யானைப்பாகனின் முழங்கால் ஆடியதை இன்னொரு முறை நடித்துக் காட்டச் சொன்னார் மன்னர். உலகன் நடித்துக் காட்டினான். மன்னர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.