ஜமீன்தார் வைத்த பேர்

வருஷக்கணக்கில் ஏமாற்றிய வானம், மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்யும் செவத்திக்குப் பெண் பிறந்த அன்றைக்குத்தான் இரக்கப்பட்டது. அதனால் பிள்ளைக்குத் தூறல் என்றே பேர் வைக்க நினைத்தாள்.

பிள்ளையோடு அரண்மனைக்கு வந்து சொன்னபோது ஜமீன்தாருக்கு அது பொறுக்கவில்லை. "தூறலாம்! அதெல்லாம் ஒரு பேரா? என் பண்ணையில பிறந்த பிள்ளைக்கு எங்க அம்மா பேரை வை, ராஜமாணிக்க நாச்சியார்னு. மாட்டேன்னா ஊரைவிட்டுக் கிளம்பு!"

"உத்தரவு சாமி" என்று செவத்தி கும்பிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தோளில் பிள்ளை வீறிட்டது. அவள் அரண்மனை முற்றமே அதிரக் கத்தினாள்: "அடி ராஜமாணிக்க நாச்சியாரு! மறுபடியும் சேலையை நனைச்சிட்டியா, மூதேவி? வாயை மூடுடி, முதுகுத்தோலை உரிச்சிடுவேன்!"

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜமீன்தாரின் மீசை துடித்தது. "என்னடி திமிர்?"

"பிள்ளையைத்தான் திட்டினேன் சாமி. இப்பவே இப்படி. இனி மண்ணைத் தின்பா, சேத்துல புரளுவா. தெருத்தெருவா இந்தப் பேரைச் சொல்லித்தானே விளக்கமாத்தோட துரத்தணும்?"

"போதும், நிறுத்து! உன் இஷ்டப்படி எதையாவது வச்சுத் தொலை!"

வாசலைத் தாண்டிய பிறகுதான் செவத்திக்கு மூச்சே வந்தது. பிள்ளையின் காதில் "தூறல்" என்று மெல்லச் சொன்னாள்.

அன்று விழுந்த திட்டெல்லாம் ராஜமாணிக்க நாச்சியாருக்குப் போனது. தூறல் ஒரு நாளும் திட்டு வாங்கியதில்லை.