வடிவு கட்டிய பாட்டு

நான் முதன்முதலாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்த வருஷம், வழியில் என் கால் கொப்புளத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே இதைச் சொன்னவர் மணப்பாறைக் குஞ்சிதம் அக்கா. வலி தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தார்.

ஒரு மலையடிவாரத்தில் நல்லான் சாமி என்று ஒரு குரு இருந்தார். முருகன்மேல் நிறையப் பாட்டுக் கட்டியவர். பாட்டுக் கட்டுகிறவர் கடைசி அடியில் தன் பேரை வைத்து முடிப்பது அங்கே வழக்கம். அதற்கு முத்திரை என்று பேர். கார்த்திகையன்று, நேர்ந்துகொண்டவர்கள் தாங்களே கட்டிய பாட்டைச் சந்நிதிப் படியில் நின்று பாடுவார்கள். அடுத்தவர் பாட்டைத் தன்னுடையது என்று பாடி அகப்பட்டால், ஆயுசுக்கும் அந்தப் படி ஏற முடியாது.

அந்த வருஷம் வடிவு என்கிற பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது அவள் கட்டிய பாட்டு அது. பிழைத்தால் உன் படியில் வந்து பாடுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தாள்.

கொதிக்கிற நெற்றியில் உன் குளிர்ந்த கையை வையேன் என்று தொடங்கும். கடைசி அடிக்கு வந்தாள்.

"வடிவு கேட்கிறேன், வந்திடு வேலா..."

"ஏம்மா, நிறுத்து" என்றார் கோயில் மணியக்காரர். "இது நல்லான் சாமி பாட்டில்ல? ஊரு ஊராப் பாடுறாங்களே. 'நல்லான் கேட்கிறேன்'னுதானே முடியும்?"

"இல்லைங்க. நான் கட்டினது. எம்புள்ள கண்ணு முழிக்காமக் கிடந்தப்ப..."

"அப்ப சாமிக்கே நீதான் பாட்டுச் சொல்லிக் குடுத்தியோ?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"கீழ இறங்கு."

"நேர்த்திங்க. அந்த ஒரு அடியை முடிச்சுட்டு இறங்கிடறேன்."

"நேர்த்திக்குத் திருட்டுப் பாட்டா?"

வடிவு இறங்கவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவளை இழுத்து இறக்க ஆட்கள் படியேறினார்கள். பிள்ளை வீறிட்டது.

தூணோரம் சாமியின் சீடன் விருத்தகிரி நின்றிருந்தான். தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"அவங்களை விடுங்க."

நல்லான் சாமியின் குரல். காலில் புண் வந்து, ஒரு வருஷமாக மடத்தைவிட்டு வெளியே வராதவர். அன்றைக்குத்தான் கோல் ஊன்றி வந்திருந்தார். அந்தப் பாட்டை அவர் கேட்டதே அப்போதுதான்.

தன் பாட்டுகளை ஊர் ஊராகப் பாடிவரும் விருத்தகிரியைப் பக்கத்தில் அழைத்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"இதுல என் பேரு எப்படி வந்துச்சு?"

விருத்தகிரியும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பிச்சைக்குப் போனப்ப இந்தம்மா வீட்டு வாசல்ல கேட்டேன் சாமி. மனசுல ஒட்டிக்கிச்சு. சத்தியமா என் பேரை வைக்கலை, உங்க பேரைத்தான் வச்சேன். வடிவுன்னா யாருக்குத் தெரியும்? உங்க பேருன்னதும் ஊரே பாடுது. முருகன் பாட்டுதானே. யார் கட்டினா என்ன?"

சாமி தலையை ஆட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார்.

"இந்தக் கால் சீழ் வச்சுக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். கிட்ட வந்தாலே நாத்தம். முகம் சுளிக்காம தினம் கழுவி, மருந்து வச்சுக் கட்டினவன் மாசிலாமணி. அவனைக் கும்பிட்டுக்குங்க."

மாசிலாமணி மடத்தில் சமையல் பார்க்கிற சீடன். சனங்கள் அவன் பக்கம் திரும்பிக் கை கூப்பினார்கள். ஒரு அம்மாள் காலிலேயே விழுந்துவிட்டாள்.

"சாமி, நான் வந்து..." என்றான் மாசிலாமணி.

"நீ சும்மா இரு."

விருத்தகிரியின் முகம் வெளுத்துவிட்டது.

"சாமி, அது நான்."

"புண்ணு ஆறிடுச்சா இல்லையா?"

"ஆறிடுச்சு."

"அப்புறம் என்னப்பா. யார் கழுவினா என்ன?"

விருத்தகிரி திரும்பிப் பார்த்தான். படியில் வடிவு பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்ற அடி இன்னும் அவள் உதட்டிலேயே இருந்தது.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். படிக்குக் கீழே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பாட்டு இந்தம்மாவோடது. சாமி கட்டினதில்ல. பேரை மாத்தினவன் நான்."

ஆட்கள் படியைவிட்டு இறங்கினார்கள். மணியக்காரர் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வழிவிட்டார்.

"கால் கழுவினவனும் இவன்தான்" என்றார் சாமி.

வடிவு அந்த அடியை முதலிலிருந்து எடுத்து, தன் பேரைச் சொல்லி முடித்தாள். பிள்ளைக்குத் திருநீறு பூசினாள்.

விருத்தகிரி குருவிடம் திரும்பி வந்தான். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாமி, அந்தம்மா பேரையே வச்சு, இனிமே நான் அந்தப் பாட்டைப் பாடலாமா?"

"என்னை எதுக்குக் கேக்கிற?" என்றார் நல்லான் சாமி, வடிவு நின்ற பக்கம் கண்ணைக் காட்டி.

இவ்வளவுதான் கதை. நீங்களும் யாருக்காவது இதைச் சொல்லுவீர்கள். என் பேர் வேண்டாம். மணப்பாறைக் குஞ்சிதம் அக்கா சொன்னது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.