அளவு ஜாக்கெட்

குரு என்றால் தாடியும் தண்டமும் இருந்தே தீரவேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையில் வருகிற குருவுக்கு முப்பதை ஒட்டிய வயது. பெயர் ஜைத்தூன். திருப்பூரில் ஒரு சந்தின் கோடியில் நாலு மெஷினும் நீளமாக ஒரு வெட்டு மேஜையும் போட்டு, குழந்தைகளுக்குப் பனியன் சட்டை தைக்கிறவள். சீடனுக்குத்தான் தலை முழுக்க நரை.

சீடன் பெயர் சென்னியப்பன். ஜாக்கெட் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. தான் தைத்ததில் ஒரு சுருக்கம் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்பார். மீசை கடைசிவரை பத்திரமாகத்தான் இருந்தது.

பெண்கள் அவரிடம் அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுப்பார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று. அதை விரித்து வைத்து, அதன்படியே புதுசை வெட்டுவார். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் டேப்பு எடுப்பார். எடுக்கும்போது, "மூச்சப் புடிச்சு அசையாம நில்லுங்" என்பார். அவர் மனைவி பழனாத்தாளின் அளவு ஜாக்கெட் கடையிலேயே ஓர் ஆணியில் தொங்கும். கல்யாணமான புதிதில் மாட்டியது.

பழனாத்தாள் அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து கொக்கி கட்டுவாள். வருகிறவர்கள் அவள் போட்டிருக்கும் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் துணியை நீட்டுவார்கள். அந்தக் கடைக்குப் போர்டு என்று ஒன்று தேவைப்படவே இல்லை.

போன ஐப்பசியில் பழனாத்தாளுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்லத் தேறியது. பேச்சில் பாதி போயிற்று. கை மட்டும் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்றது.

அன்றிலிருந்து காலை விடிவதே சென்னியப்பனுக்குப் பயமாக இருந்தது. ஜாக்கெட்டுக்குள் அந்தக் கையை நுழைக்க வேண்டும். அவர் இழுப்பார், கை இன்னும் இறுகும், அவள் அழுவாள். அக்கம்பக்கத்தில் நைட்டியைப் போட்டுவிடச் சொன்னார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைக்கு வா என்று கூப்பிட்டால் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வாள். ஊருக்கெல்லாம் தைத்தவன் பெண்டாட்டிக்குப் போட ஒரு ஜாக்கெட் இல்லை. அந்த நினைப்பு அவரை அரித்தது.

பனியன் துணியென்றால் இழுத்த இழுப்புக்கு வரும் என்று யாரோ சொன்னார்கள். போய் ஜைத்தூனிடம் அரக்கு நிறத்தில் ஒரு துண்டு வாங்கி வந்தார். ஆணியில் இருந்த அளவு ஜாக்கெட்டை எடுத்து அதன் மேல் வைத்து வெட்டினார். தம் மெஷினில், தம் ஊசியில், தம் வழக்கப்படி இழுத்துப் பிடித்துத் தைத்தார். வந்தது பாருங்கள் ஒரு ஜாக்கெட்! ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்தது. தையல் போன வழியில் ஊசி பட்ட இடமெல்லாம் பொத்தல். கையை நுழைத்ததும் நூல் படபடவென்று அறுந்தது.

பழனாத்தாள் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அதற்கு அழுதிருந்தாலே தேவலை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சென்னியப்பன் நேராக ஜைத்தூனிடம் போய், துணி சரியில்லை என்று சண்டைக்கு நின்றார்.

ஜைத்தூன் கிழிந்த ஜாக்கெட்டை வாங்கித் தையலின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக இழுத்தாள்.

"துணி வருதுங்ணா. நூல் வரலை."

சென்னியப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. வீட்டு நிலைமையைச் சொல்லி, நீயே ஒன்று தைத்துக் கொடுத்துவிடு அம்மணி என்று கேட்டார்.

"அக்காவோட கை எப்படின்னு என்ற கைக்குத் தெரியாதுங்களேண்ணா" என்றாள் ஜைத்தூன்.

அப்படித்தான் அவர் அங்கே சீடரானார். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வருவார். முதல் நாள் அவர் கேட்ட கேள்வி, "இந்தத் துணிய எப்படி அம்மணி அடக்கறது?"

ஜைத்தூன் சுருளிலிருந்து துணியை உருவி மேஜை மேல் தளர்வாக விரித்தாள். தடவவில்லை, நீவவில்லை. கத்தரிக்கோலை எடுக்கப்போன அவர் கையைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"தூங்கட்டும்ங்ணா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டார். சும்மா இருக்க மாட்டாமல் துணியின் ஓரத்தை ஒட்டி மேஜையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தார். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது. அது மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே மேஜையில் தலை சாய்த்தவர் கண்ணயர்ந்துவிட்டார்.

கனவில் அவர் தைத்த ஜாக்கெட்டுகள் எல்லாம் வந்தன. பட்டு, பருத்தி, கல்யாண ஜாக்கெட், கந்தல் ஜாக்கெட், எல்லாம். ஒரு பெரிய கூடத்தில் ஆள் இல்லாமல் ஜாக்கெட்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒன்றும் அசையவில்லை. எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தன. மூச்ச விட்டுக்கங் என்று சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. தூரத்தில் முக்காலியில் பழனாத்தாள் கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள். அவளும் மூச்சு விடவில்லை.

விழித்ததும் மேஜையைப் பார்த்தார். துணியின் ஓரம் சுண்ணக்கட்டிக் கோட்டிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே போயிருந்தது. யாரும் தொடவில்லை. சுருளில் இழுபட்டுக் கிடந்தது, விட்டதும் தன் இருப்புக்குத் திரும்பியிருக்கிறது. அவர் அதை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அது நம் ஆசை. ஊசியை மாற்றிக் கொடுத்தாள், முனை மழுங்கியது, இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போவது. ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தாள். தையல் இப்போது துணியோடு நீண்டது. ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? இடது கை பின்னால் போய்த் துணியை இழுத்தது. மறுபடி அலை. பிரித்தால் துணி பொத்தலானது. பனியன் துணியில் பிரித்துத் தைக்கிற வேலையெல்லாம் நடக்காது. கெட்டது கெட்டதுதான்.

கெட்டுப்போனதை அவர் மேஜைக்கு அடியில் ஒளித்துவைப்பார். ஜைத்தூன் மறுநாள் அதை எடுத்து அவர் கண்ணுக்கு எதிரே கொடியில் போட்டிருப்பாள். கொடி நிறையத் தொங்கியபோது சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் அன்று காலையும் அதே அழுகை.

"இன்னும் எத்தனை கெடுத்தா எனக்கு இது வரும் அம்மணி?"

ஜைத்தூன் கொடியிலிருந்து ஒன்றை உருவி நீளநீளமாகப் பட்டை வெட்டினாள். அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். பனியனோடு நின்றவரின் வலது முழங்கையை மடக்கி, நீட்ட முடியாதபடி அந்தப் பட்டையால் சுற்றிக் கட்டினாள்.

"தோளைத் தூக்கக் கூடாதுங்ணா. இப்ப சட்டையப் போடுங்."

அது அவரே தைத்த சட்டை. வழக்கம்போல நல்ல கையை முதலில் விட்டார். மடங்கின கைக்குச் சட்டை எட்டவில்லை. முதுகை வளைத்தார், பல்லைக் கடித்தார். இழுத்த இழுப்பில் அக்குளில் தையல் டர்ரென்று விட்டது. வேர்த்துக் கொட்டியது. தோள்பட்டை வலித்தது. கட்டியிருந்த கையைப் பார்த்தார். அது நெஞ்சோடு ஒட்டி, அவருடையது இல்லாதது போல இருந்தது.

அந்த வலியில்தான் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. இத்தனை மாதமாகத் தினம் காலையில் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தெரிந்தது. சென்னியப்பன் அழுதார். ஜைத்தூன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நூல் மாட்டினாள்.

பிறகு அவர் சட்டையை உருவினார். மடங்கின கையை முதலில் விட்டார். அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார். சட்டை ஏறியது.

கட்டை அவிழ்க்கும்போது ஜைத்தூன், "அளவு எங்கீங்?" என்றாள்.

பையிலிருந்து ஆணி ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"யாரோடதுங் இது?"

"பழனாத்தாளோடது."

"எந்தப் பழனாத்தாளோடதுங்ணா?"

அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு பழனாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு இதுவரை அவர் டேப்பு வைத்து அளவெடுத்ததே இல்லை. ஆனாலும் கடையில் வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக் கேட்ட பழக்கதோஷத்தில் அவள் மூச்சைப் பிடித்தாள். விட்டுக்கோ, அசஞ்சுக்கோ, நான் இருக்கறேன் என்றார். அவள் நம்பாமல் பார்த்தாள். கை மடங்கின இடத்தில், மடங்கின வாக்கிலேயே சுற்றளவு எடுத்தார். வற்றிப்போன தோளை எடுத்தார். அவள் அசைகிறபோது டேப்பைத் தளர்த்தினார், நின்றதும் பிடித்தார். எடுத்து முடிக்கும் முன்பே அவள் தூங்கிப்போனாள். அவர் டேப்பைக் கையில் பிடித்தபடி, அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தூங்கி எழுந்த துணியில் வெட்டினார். மெஷினில் உட்கார்ந்தபோது இடது கையை மடிமேல் வைத்துக்கொண்டார். துணி தானாகப் போயிற்று. ஓரிடத்தில் மட்டும், இடது தோளுக்குக் கீழே, கை தன்னை மறந்து எழுந்துவிட்டது. அங்கே கொஞ்சம் அலை. இன்னொன்று தைக்கலாம் என்று நினைத்தார். ஆனால் அடுத்த காலை வரை பொறுக்க மனசில்லை. இன்றைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம், நாளைக்கு வேறு தைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துப் போனார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் சந்துப் பக்கமே வரவில்லை. வந்தபோது கையில் புதுத்துணி வாங்குகிற பை. ஜைத்தூன் மேஜையில் அடுத்த சுருளை விரித்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொன்னார். வராத கையை முதலில் விட்டதும், அது தயங்கித் தயங்கி உள்ளே போனதும், துணி அதற்கு இடம் கொடுத்ததும். கொக்கியை அவர் மாட்டப்போனபோது பழனாத்தாள் அவர் கையைத் தட்டிவிட்டாளாம். அவள் பார்த்த வேலையாயிற்றே. இடது கையாலேயே ஒவ்வொன்றாக மாட்டினாளாம். அப்புறம் வாசலைப் பார்த்து, "கடை" என்றாளாம். இப்போது முக்காலியில்தான் இருக்கிறாள், மத்தியானத்தில் அங்கேயே தூங்கியும் போகிறாள் என்றார்.

"ஆனா அந்த அலை என் கண்ண உறுத்துது அம்மணி. வர்றவங்க எல்லாம் அதப் பார்க்கறாங்க. சுருக்கமில்லாம ஒண்ணு தைச்சும் குடுத்தேன். போட மாட்டேங்கறா. அதையேதான் ராத்திரி துவைச்சுக் காயப்போட்டுக் காலைல போட்டுக்கறா. கழட்டிக் குடு, சரி பண்றேன்னாலும் குடுக்க மாட்டேங்கறா."

ஜைத்தூன் துணியின் மறு ஓரத்தை மேஜையில் விட்டாள். அது தன் இடம் பார்த்துப் படியும் வரை காத்திருந்தாள்.

"அப்ப ஆணியில இருக்கறத எடுத்துருங்ணா. இனி அக்கா போட்டிருக்கறதுதான் அளவு ஜாக்கெட்."