சபாபதி சீல் வாங்கிய கதை

தாராபுரத்துக்கு மேற்கே மொட்டைக்கரடு என்று ஒரு குன்று. அதன் உச்சியில் சின்னதாக ஒரு மடம். மடத்தின் குரு ஒரு பெண். வயது முப்பத்தாறு. ஊரார் சின்னம்மை என்பார்கள். மடத்தில் அவரைவிட மூத்தவர்களும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்படிக் கூப்பிடுகிறவர்களில் ஒருவர் ரத்தினசபாபதி. வயது அறுபத்தொன்று. ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் சாமான் கொள்முதல் பார்த்தவர். கடைந்த மோரிலும் வெண்ணெய் எடுப்பார் என்று மில்லில் பேர் வாங்கியிருந்தார். ஓய்வு பெற்றதும் வீடு, நிலம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தார். பேரம் பேசுவதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கத் தோன்றவில்லை. அவர் துறவு போனதில் வாய்விட்டுச் சந்தோஷப்பட்டது அவர் தெருவில் கீரை விற்கிறவள் ஒருத்திதான்.

வந்து மூன்று வருடம் ஆயிற்று. தீட்சை கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் காவி கட்டிவிட்டார்கள். அது அவருக்கு ரொம்பவும் வலித்தது. கார்த்திகை பிறந்த அன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டே விட்டார்.

"அம்மா, எனக்கு எப்பங்க தீட்சை?"

சின்னம்மை அப்போதுதான் வாசலை மெழுகி முடித்திருந்தார். ஓரமாக மடத்து மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அரிசியும் கேஸ் சிலிண்டரும் கரட்டுக்கு மேலே வருவது அந்த ஒரு வண்டியில்தான். சின்னம்மையே ஓட்டுவார். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய்கள் இரண்டிலும் எண்ணெய் வழிந்து, மெழுகின தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த எண்ணெய் நிக்கட்டும். தர்றேன்," என்றார் சின்னம்மை.

"தைப்பூசத்துக்குள்ள நின்னுட்டா?"

"தைப்பூசத்தன்னிக்கே தர்றேன்."

சபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் மௌனம், உபவாசம், ஒற்றைக்கால் என்று வாய்த்தது. அவருக்கு வாய்த்ததோ ஒரு கொள்முதல்.

வண்டியை உருட்டிக்கொண்டு அடிவாரத்து மெக்கானிக் மயில்சாமியிடம் போனார்.

"ஃபோர்க் சீல் போயிருச்சுங்க சாமி," என்றான் மயில்சாமி. "மேடு பள்ளத்துல இந்தக் குழாய் ஏறி எறங்குமில்லீங்க? உள்ள எண்ணெய் இருக்குது. அது வெளிய வராமக் குழாயைச் சுத்திக் கவ்விப் புடிச்சுக்கற ரப்பர் வளையம்தான் சீல். ரெண்டு பக்கமும் மாத்தோணும். கம்பெனி சீல் ஜோடி அறுநூறு ஆகுமுங்க."

"ரப்பர் வளையத்துக்கா?"

"ரப்பர் வளையத்துக்குத்தானுங்க."

சபாபதி மூச்சு வாங்க மறுபடியும் கரடு ஏறினார்.

"அம்மா, சீல் எங்க மலிவாக் கிடைக்கும்?"

"தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நாலு கடை இருக்கு. விசாரிங்க."

விசாரித்தார். நாலாவது கடையில், தூசி படிந்த அட்டைப்பெட்டியின் அடியில், பேர் ஊர் இல்லாத ஒரு ஜோடி கிடந்தது. நூற்றிருபது சொன்னார்கள். முக்கால் மணி நேரம் நின்று எழுபதுக்கு முடித்தார். கடைக்காரருக்கு அவர் போனால் போதும் என்று இருந்தது.

மயில்சாமி அதை விரலில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சீலுங்களா, வளையலுங்களா?" என்று கேட்டான். ஆனாலும் மாட்டினான். குழாயைப் பளபளவென்று துடைத்தும் கொடுத்தான். எண்ணெய் நின்றது.

மறுநாள் காலையில் சபாபதி தம் வழக்கமான கைங்கரியத்தைத் தொடங்கினார். மடத்தில் எதையும் அவர் வெறுமனே விடமாட்டார். கர்ப்பக்கிருகத்துக் கதவு, தண்ணீர்க்குடம், கிணற்று ராட்டினம் எல்லாவற்றுக்கும் விபூதி பூசுவார். விபூதியும் அவர் கைத்தயாரிப்பு. கடைப் பாக்கெட் கொள்ளை விலை என்று, கரட்டில் மேய்கிற மாடுகளின் சாணத்தைத் தரையோடு வாரி, காயவைத்துச் சுட்டு, பழைய வேட்டியில் சலித்து டப்பாவில் வைத்திருந்தார். வேட்டியில் இரண்டு கிழிசல் உண்டு.

வண்டியின் ஃபோர்க் குழாய்கள் துடைத்த துடைப்பில் வெறும் நெற்றியாக நின்றன. பார்க்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. இடப்பக்கம் மூன்று கோடு, வலப்பக்கம் மூன்று கோடு, முன்விளக்கில் ஒரு சந்தனப்பொட்டு. சீல் நிலைத்து நிற்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்று எண்ணெய் வந்துவிட்டது.

"அம்மா, மலிவா, ஆனாக் கொஞ்சம் தரமா, எங்க கிடைக்கும்?"

"கோயமுத்தூர்ல பேரிங் கடைங்க இருக்கு. அங்க கேளுங்க."

பஸ் ஏறினார். பேரிங் கடைக்காரர் வண்டியின் பேரையே கேட்கவில்லை. மயில்சாமி முதலில் கழற்றிக் கொடுத்த பழைய சீலை வாங்கி வேட்டி நுனியில் துடைத்து, விளிம்பில் இருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"வண்டி பேரைச் சொன்னீங்கன்னா அறுநூறு. நம்பரைச் சொன்னீங்கன்னா நூத்தியெண்பது," என்றார். "இது வேற ஒரு வண்டிக்கு வர்ற சீல். உள்ளளவு, வெளியளவு, கனம் மூணும் அதேதான்."

நூற்று அறுபத்தைந்துக்கு முடிந்தது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆனதைச் சேர்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. காவி கட்டின இரண்டு பேரையும் உட்காரவைத்து, "பேரை விட்டாத்தான் பொருள் விளங்கும். நாமரூபம் கடக்கறதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று ஒரு மணி நேரம் உபதேசமே செய்துவிட்டார்.

மயில்சாமி மாட்டிக் கொடுத்தான். சபாபதி மறுநாள் காலையில் நன்றியோடு இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் பூசினார். பத்தாம் நாள் சொட்டியது.

வண்டி ஒழுகுகிற நாட்களில் சின்னம்மை அதைத் தொடமாட்டார். எண்ணெய் பிரேக்கில் இறங்கிவிட்டால் கரட்டு வளைவில் வண்டி நிற்காது. அதனால் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஏறினார். சபாபதி அதைத் தவம் என்று எண்ணி வியந்தார். இரண்டு தடவை கும்பிட்டும் வைத்தார்.

தை பிறந்தது. பூசத்துக்கு இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. சபாபதி மனம் தளர்ந்து கம்பெனிக் கடைக்கே போனார். அறுநூற்றிருபது என்றார்கள். அவர் வாயைத் திறக்குமுன் கடைப்பெண் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினாள். பேரம் இல்லை என்று எழுதியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலையைக் கொடுத்தார். 

அந்த விலைக்கு ஏற்ற மரியாதையாக மறுநாள் விபூதியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார்.

ஒன்பதாம் நாள், பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, சின்னம்மை அரிசி ஏற்றி வந்து நிறுத்திய வண்டியில் வலப்பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கம் இன்னொன்று விழுந்தது.

சபாபதி வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். மில்லில் மூன்று முதலாளிகளைச் சமாளித்த மனிதர் ஒரு ரப்பர் வளையத்துக்கு முன்னால் சின்னப்பிள்ளை போல அழுதார்.

சின்னம்மை மூட்டையோடு உள்ளே போயிருந்தார். இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டார்.

"என்னாச்சு?"

"என் கர்மமுங்கம்மா. இதுக்கு மேல ஒசந்த சீல் இந்த ஊர்ல இல்லை. எனக்குப் பக்குவம் போதலை. எனக்குக் காவி எழுதி வைக்கலை." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வெளிநாட்டுல இருந்து ஒண்ணு வருதாமுங்க. அது எங்க மலிவாக்..."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். சின்னம்மை ஃபோர்க்கில் வழிந்த எண்ணெயை ஒரு விரலால் வழித்து அவர் கட்டைவிரலில் தடவினார்.

"தேய்ச்சுப் பாருங்க."

தேய்த்தார். நறநறவென்றது.

"என்ன இருக்கு?"

"பொடிமணல் மாதிரி இருக்குதுங்க."

"மோந்து பாருங்க."

மோந்தார். எண்ணெய் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அதை அவர் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர் கைத்தயாரிப்பு அல்லவா.

மெல்லத் தலையைத் திருப்பிக் குழாயைப் பார்த்தார். காலையில் பூசின மூன்று கோடுகளில் மேல்கோடு முழுசாக இருந்தது. நடுக்கோடு பாதி இருந்தது. அடிக்கோட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்துக்குக் கீழே சீல்தான் இருந்தது.

சபாபதி எண்ணெய் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"உங்க பெட்டியில முட்டிக்கால் எக்ஸ்ரே ஒண்ணு இருக்குமே," என்றார் சின்னம்மை.

இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் எடுத்தது. காசு கொடுத்து எடுத்தோமே என்று துறவுக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சின்னம்மை அதை வாங்கிக் கத்தரிக்கோலால் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். நுனியில் கொக்கி போல ஒரு வெட்டு. அந்தத் துண்டைக் குழாய்க்கும் சீலுக்கும் நடுவே விட்டுச் சுற்றி இழுத்தார். சாம்பல் நிறத்தில் களிம்பு வந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டார். மறுபடியும் வந்தது. ஐந்தாம் தடவை சுத்தமாக வந்தது. அடுத்த குழாய்க்கும் அப்படியே செய்தார். இரண்டு குழாய்களிலும் மிச்சமிருந்த கோடுகளைத் துணியால் அழுத்தித் துடைத்தார்.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கரடு இறங்கி ஏறி வந்தார். வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் தாளில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சபாபதி தாளைத் தூக்கி வெயிலில் காட்டிப் பார்த்தார். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம் வந்தது.

"அம்மா, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

"மொத நாளேவா?"

"நீங்க பூசும்போது நான் பக்கத்துலதான் வாசல் கூட்டிட்டு இருந்தேன்."

"அப்ப ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலை? ரெண்டு மாசம். மூணு ஜோடி சீல். கோயமுத்தூர் வேற போயிட்டு வந்தேன். நீங்களே தலையில அரிசி சுமந்தீங்களே."

"நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனே."

"நான் என்னங்க கேட்டேன்?"

"எங்க மலிவாக் கிடைக்கும்னு."

  சபாபதி மூட்டை தூக்கும் சாக்கை மடித்துத் தம் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அரிசி வாங்க அவர் போனார், நடந்தே.

தைப்பூசத்தன்று விடிந்ததும் குளித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றார். சன்னதியில் மடித்த காவித்துணி இருந்தது. அடிவாரத்திலிருந்து மயில்சாமிகூட வந்திருந்தான். தான் மாட்டின சீலுக்குத் தீட்சை கிடைக்கிறதைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"விபூதி எடுத்துட்டு வாங்க," என்றார் சின்னம்மை.

சபாபதி டப்பாவிலிருந்து மூன்று விரலில் விபூதியை எடுத்தார். மூன்று வருடப் பழக்கம். மனம் சன்னதிக்குப் போக, கால் வண்டிக்குப் போயிற்று. குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் விரல் நின்றது. மயில்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

சபாபதி திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, இதை எங்கதானுங்க பூசறது?"

"ஏறி எறங்காத எடமாப் பாத்துப் பூசுங்க," என்றார் சின்னம்மை.

சபாபதி சிரித்தார். கையைத் தம் நெற்றிக்குக் கொண்டுபோனார். முப்பது வருடம் விலையோடு ஏறி இறங்கின நெற்றியாயிற்றே என்று தோன்ற, பாதி வழியில் சிரிப்பு நின்றது, கையும் நின்றது.

சன்னதியில் மணி அடிக்கிறவரைக்கும் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.