முதலாளி மீசையில் காபித்தூள்

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருந்த செங்கோடப்பனுக்கு ஆயில் பில்டர் என்றாலே மெக்கானிக்குகள் சேர்ந்து செய்யும் மோசடி. டிரைவர் மாரப்பன் அன்றைக்கும் விடாமல் போய் நின்றான்.

"பில்டர் அடைச்சுக்கிச்சுங்க. இப்படியே வடநாடு போனா எஞ்சின் சிக்கிரும்."

"ஆயில் பிரஷர் மீட்டர்ல முள்ளு எறங்காம நிக்குது. அடைச்சிருந்தா ஆயில் எப்படிடா போகும்? எஞ்சின் சிக்குச்சு, உன் வேலை போச்சு! இல்லையா, வண்டியில கை வைக்காம எனக்குப் புரிய வை பாக்கலாம்."

ஷெட்டே சிரித்தது. மாரப்பன் தலையைச் சொறிந்தான்.

"சரிங்க. மொதல்ல காபி குடிங்க, நானே போட்டுட்டு வர்றேன்."

காபி என்றால் முதலாளிக்கு உயிர். ஆசையாக ஒரு வாய் இழுத்தவர் தூவென்று துப்பினார். மீசையெல்லாம் காபித்தூள்.

"என்னடா கருமம் இது?"

"நேத்துத் தூளைக் கொட்டாம அது மேலயே புதுசு போட்டேனுங்க. பில்டர் அடைச்சுக்கிச்சு, டிகாக்‌ஷன் சொட்டவே இல்ல. உங்க வயிறு காயக் கூடாதேன்னு மேல இருந்ததை அப்படியே ஊத்திட்டேன். டம்ளர் நெறஞ்சுதானுங்களே இருந்துச்சு?"

"நெறஞ்சிருந்தா? வாயில வைக்க முடியுதா?"

"எஞ்சினும் இதத்தானுங்க குடிக்குது. பில்டர் அடைச்சா, எஞ்சின் காயக் கூடாதுன்னு பக்கத்துல ஒரு வால்வு தெறந்துக்கும். ஆயில் அழுக்கோட உள்ள போகும், முள்ளும் எறங்காம நிக்கும். ஆனா பாவம், எஞ்சினுக்குத் துப்பத் தெரியாதுங்க."

முதலாளி பல்லிடுக்கை நாக்கால் துழாவினார். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

"பைக்கை எடுடா. மொதல்ல பில்டர் கடை. அப்புறம் நல்லதா ஒரு காபிக் கடை."