கூட்டாத மரத்தடி

"பூரணத்தை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் அம்மா. இல்லையென்றால் நான் போகிறேன்" என்றாள் உலகம்மாள்.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

காட்டை ஒட்டி இருந்த அந்த மடத்தில் மூன்று பேர்தான். சாமியம்மாவுக்கு வயது முப்பத்தைந்து. சிஷ்யைகள் உலகம்மாளும் பூரணமும் அவரைவிட மூத்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருவரும் வந்த அன்று, மடத்துக்கு இரண்டு பக்கமும் நின்ற நாவல் மரங்களைக் காட்டி, "இது உனக்கு. அது அவளுக்கு. பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அதுதான் முதல் பாடம். அடுத்த பாடம் இன்னும் வரவில்லை.

"என்ன செய்தாள் பூரணம்?"

"என் மரத்தில் காளானை ஏற்றிவிட்டாள்."

"காளானை ஒருத்தர் ஏற்றிவிட முடியுமா?"

"அவள் செய்வாள். போன மழையில் அவள் மரத்துப் பட்டுப்போன கிளையை என் மரத்தடி வழியாக இழுத்துக்கொண்டு போனாள். அதில் இதே காளான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். வேண்டுமென்றேதான் அந்த வழியாகப் போனாள்."

"விறகு அடுப்பு யார் பக்கம் இருக்கிறது?"

"என் பக்கம்."

"பிறகு அவள் எந்த வழியாகப் போவாள்?"

உலகம்மாளின் மூக்கு விடைத்தது.

"நீங்கள் அவளுக்காகத்தான் பேசுவீர்கள். மத்தியானமானால் அவள் மரத்தடியில் போய் உட்காருகிறீர்கள். ஒரே ஒரு நாள் என் மரத்தடிக்கு வந்திருப்பீர்களா? நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று பார்த்தீர்களா?"

சாமியம்மா கீரையை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வா, பார்க்கலாம்."

உலகம்மாளின் மரத்தடி கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு சருகு கிடையாது. சுற்றிலும் மண்வெட்டியால் வெட்டிய வட்டப் பாத்தி. அடிமரத்தில் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாகப் பூசியிருந்தது. அதற்கு மேலே ஆணி அடித்து ஏழு மணிகள், ஒரு விளக்கு. ஆணியைச் சுற்றிப் பிசின் வழிந்து காய்ந்திருந்தது.

வேர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் அந்தக் காளான். சோற்றுத் தட்டு அகலம், பழுப்பு நிறம், விளிம்பு மட்டும் வெள்ளை. அண்ணாந்து பார்த்தால் மரத்தின் ஒரு பக்கம் மொட்டை. அந்த மொட்டைக் கிளைக்கு நேர் கீழேதான் உலகம்மாளின் குடிசை.

"காலையும் சாயங்காலமும் கூட்டுகிறேன் அம்மா. வாரம் ஒரு தடவை கொத்திவிடுகிறேன். வேர் துருத்திக்கொண்டு வந்தால் நறுக்கிச் சமமாக்குகிறேன். அவள் என்றைக்காவது விளக்குமாற்றைத் தொட்டிருக்கிறாளா?"

"இத்தனையும் எதற்கு?"

"அவள் மரத்தைவிட..." என்று ஆரம்பித்தவள் விழுங்கிக்கொண்டாள். "மரம் நன்றாக இருக்கத்தான்."

இருவரும் மடத்தின் மறுபக்கம் போனார்கள். பூரணத்தின் மரத்தடியில் கணுக்கால் புதையச் சருகு. கொடிகள். முறிந்து விழுந்த இன்னொரு கிளை விழுந்தபடி கிடந்தது. பூரணம் அதன்மேல் உட்கார்ந்து கோணி தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா. பார்த்துக் கால் வையுங்கள், கட்டெறும்பு இருக்கிறது" என்றாள் உலகம்மாளிடம்.

"கட்டெறும்பு வேறு வளர்க்கிறாள்" என்று முணுமுணுத்தாள் உலகம்மாள்.

பூரணத்துக்கு அது காதில் விழுந்தது. சிரித்துவிட்டு, உட்கார இடம் விட்டுக் கோணியை எடுத்துக்கொண்டு தன் குடிசைக்குள் போனாள்.

சாமியம்மா குனிந்து சருகை விலக்கினார். அடியில் நூல் நூலாகக் காளானின் வெள்ளை வலை, விலக்கிய இடமெல்லாம். புதுமழை வாசம் வந்தது. விழுந்த கிளையைப் புரட்டினார். அடிப்பக்கம் முழுக்க அதே பழுப்புக் காளான்.

உலகம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தீர்களா? நான் சொன்னேனே! இங்கிருந்துதான்!"

சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். மரம் பச்சையாக, அடர்த்தியாக, வெயிலை விடாமல் நின்றது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோனது.

"இவ்வளவு இருக்கிறதே அம்மா. இந்த மரத்தை ஏன் அது தின்னவில்லை?"

"அதற்கு வேறு சாப்பாடு கிடக்கிறது" என்று சாமியம்மா காலடிச் சருகைக் காட்டினார்.

"அதற்காக என் மரத்துக்குள் புகுந்துவிடுமா?"

"போன வருஷம் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு ஜாடி போட்டாயே. ஒன்றில் ஏன் பூசணம் பிடித்தது?"

ஊறுகாய் என்றதும் உலகம்மாள் தயங்கவில்லை. "ஊறியதா, ஊறியதா என்று நாளைக்கு நாலு தடவை திறந்தேன். கை ஈரம் பட்டுவிட்டது."

"இன்னொன்று?"

"வாயில் துணியால் வேடு கட்டினது கட்டினபடி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை."

"பூசணம் எங்கிருந்து வந்தது?"

"எங்கிருந்தோ வருமா? அது எங்கேயும் இருக்கிறதுதானே. காற்றில், கரண்டியில், ஜாடி விளிம்பில்..."

திரும்பித் தன் மரத்தைப் பார்த்தாள். ஆணிகள். நறுக்கிய வேர்கள். காற்றில் ஏழு மணிகளும் ஆடின.

"அன்றைக்கே நீங்கள் தடுத்திருக்கலாம்."

"ஆணி அடித்த அன்று கேட்டேன், மணி மரத்துக்கா என்று. 'அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் கேட்கட்டும்' என்றாய்."

உலகம்மாளின் கண் கலங்கியது. ஆனாலும் உள்ளே கிடந்தது அடங்கவில்லை.

"அவளுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். கூட்டாதே, கொத்தாதே என்று."

"நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை."

"பிறகு இந்த மரத்துக்கு அவள் என்னதான் செய்தாள்?"

சாமியம்மா விலக்கிய சருகை மறுபடியும் இழுத்து மூடினார்.

"அடுப்புக்குப் போகும்போதும் வரும்போதும், மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட உன் மரம் தன் மரத்தைவிட எப்படி இருக்கிறது என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை."